இவர் என்றொரு சொல்

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அவருடைய இருமல் எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இரண்டு சிறு இருமல், நடுவில் ஒரு மூச்சு, அதற்குப் பிறகு யாரையோ தொந்தரவு செய்துவிட்டதுபோல் மெல்லிய ஒரு 'ம்'. பனி விழுந்துகொண்டே இருந்த ஒரு ஜனவரி முழுக்க அது என் காதுக்குள் இருந்தது. காலையில் மகனை, இங்கே எல்லோரும் கார்டெரி என்று சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடிக்கு ஏறி வருவேன். பூட்ஸில் ஒட்டிய பனி வாசலில் கரைந்து குளமாகும். சமையலறை மேசையில் கணினியைத் திறந்து, காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போனை மாட்டியதும் தெருவின் சத்தம் அடங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே, நான் பார்த்திராத ஒரு பெண், நான் போயிராத ஓர் ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையை நினைவுபடுத்திக்கொண்டிருப்பார். சில வேளை நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகும். பால் பொங்கி அடுப்பில் கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடுவேன்.

நான் கரூர்ப் பக்கத்துக்காரி. மாண்ட்ரியலுக்குப் படிக்க வந்து, இங்கேயே கல்யாணமாகி, பிரெஞ்சு போதாததால் படிப்புக்கேற்ற வேலை அமையாமல், வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தேன். பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், எப்போதாவது ஒரு காவல் நிலையப் புகார். அந்த வருடம் புத்தாண்டு பிறந்த வாரத்தில் ஒரு வழக்கறிஞர் அழைத்தார். கியூபெக்கில் வழக்கறிஞர்களைப் பெயருக்கு முன்னால் 'மேத்ர்' சேர்த்து அழைப்பார்கள். நான் அவரை வெறும் மேத்ர் என்றே அழைத்துப் பழகிவிட்டேன். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, எப்போதும் அரை ஓட்டமாக நடக்கும் பெண்மணி. ஆங்கிலத்தையும் பிரெஞ்சு ராகத்தில்தான் பேசுவார். "மூன்று மணி நேர ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பில் ஏதாவது பிசகு இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? எனக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். மன்னாரிலிருந்து ஒன்பது வயது மகளோடு வந்த ஒரு பெண்ணின் அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தது. அவர் அமெரிக்க எல்லை வழியாக, கூடப்பிறந்த அண்ணன் இங்கே இருக்கிறார் என்ற விதிவிலக்கில் உள்ளே வந்தவர். அப்படி வந்தவர்களுக்கு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும் வழி கிடையாது. நேரே நீதிமன்றம்தான். அங்கேயும் அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று யாரும் புதிதாக விசாரிக்கப் போவதில்லை. மறுத்த அதிகாரி முறையாக விசாரித்தாரா, அவர் சொன்ன காரணங்கள் நிற்குமா என்று மட்டும் நீதிபதி பார்ப்பார். நிற்காது என்று தோன்றினால், இன்னொரு அதிகாரி முதலிலிருந்து விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்புவார். அதற்கும் முன்னால், வழக்கை எடுத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில், நாட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லும் கடிதம் எந்த நாளும் வரலாம்.

மறுத்து எழுதியிருந்த தீர்ப்பைத்தான் முதலில் படித்தேன். அக்காவின் கணவர் மன்னாரில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தவர். போரில் காணாமல் போனவர்களின் பழைய படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பார். சொந்தக்காரர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் போராட்டத்தில் உட்காருவார்கள். யார் யார் படம் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு, சீருடையில்லாமல் சாதாரண உடுப்பில் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்தார். பிறகு வீட்டுக்கும் வந்தார். கணவரை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி விட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டூடியோவுக்குப் போன கணவர் அதன் பிறகு வரவேயில்லை. அதுவரை தீர்ப்பு எல்லாவற்றையும் நிதானமாகவே சொல்லிக்கொண்டு போனது. இருபத்து மூன்றாம் பத்தியில் திரும்பியது. தன்னை மிரட்டியவராக மனுதாரர் சொல்லும் அதே மனிதர் செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்ததாகவும், குழந்தையின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் அவரே கூறுகிறார். பயத்தில் வாழ்ந்த ஒருவரின் கதையாக இதை ஏற்க இயலவில்லை. அந்த ஒரு பத்திக்குப் பின்னால் மற்ற எல்லாம் சரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். படித்தபோது எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. மிரட்ட வந்த ஆள் எதற்காகக் குழந்தையின் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான்?

ஒலிப்பதிவைப் போட்ட முதல் நிமிடத்திலேயே இன்னொரு குரல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. விசாரணை காணொளி வழியாக நடந்திருந்தது. அதிகாரி ஓர் இடத்தில், அக்கா தன் அப்போதைய வழக்கறிஞரின் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளர் தன் வீட்டில். அந்த மொழிபெயர்ப்பாளர், "வணக்கம் தங்கச்சி, நான் கதைக்கிறது வடிவாக் கேக்குதோ?" என்றார். எங்கள் அண்ணை!

எங்கள் வட்டாரத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும், அவரைவிட மூத்தவர்களுக்குக்கூட, அவர் அண்ணைதான். அவரும் மன்னார்க்காரர். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வருடக் கணக்காக மாத்திரைப் பெட்டி அடுக்கி, அதற்கிடையில் படித்து, இந்த வேலைக்கு வந்தவர். விசாரணைகள் எல்லாம் கணினித் திரைக்குப் போவதற்கு முன்னால், நானும் கொஞ்ச காலம் அந்த வேலைக்குப் போனபோது, நகர மையத்தில் அகதி விசாரணைகள் நடந்த கட்டடத்தின் நடைவழியில் எங்கள் முறை வரும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கோட் பையிலிருந்து கிளமென்டைன் ஆரஞ்சை எடுத்து, தோலை ஒரே சுருளாக உரித்து, பாதியை எனக்கு நீட்டுவார். ஒரு தடவை சாட்சி 'சூடை' என்று சொன்னதற்கு வெறுமனே மீன் என்று சொல்ல மனம் வராமல், விசாரணையை நிறுத்தி, அது எந்த மீன் என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போனாராம். அதைச் சொல்லிச் சிரிப்போம். லவாலில் தன் வீட்டு அறையிலிருந்து பேசும்போதும் டை கட்டிக்கொண்டு உட்காருகிறவர். அவருடைய மொழிபெயர்ப்பில் பிசகு கண்டுபிடிக்கத்தான் என்னைக் கேட்டிருந்தார்கள்.

நான் யாழ்ப்பாணத் தமிழோ மன்னார்த் தமிழோ பேசி வளர்ந்தவள் இல்லை. இங்கே வந்துதான் அந்தப் பேச்சைக் காதால் பழகினேன். அதனால் எனக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, திரும்பக் கேட்டு, எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் வாரம் முழுக்க அண்ணையின் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட எனக்குத் தவறாகப் படவில்லை. இதில் ஒன்றும் இல்லை என்று மேத்ருக்கு எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அக்காவின் குரல் என்னோடு வெளியே வர ஆரம்பித்துவிட்டது. மெட்ரோ சுரங்கத்தின் இரைச்சலில் அது கேட்கும். ஜான்-தலோன் சந்தையில் தக்காளி பொறுக்கும்போது, "பேந்து நான் கேற்றடிக்கு வந்து பாத்தனான்" என்று காதோரம் சொல்லும். பேந்து என்றால் பிறகு. மன்னாரை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டு வாசலின் அந்தக் கேற்றும், அதன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த சிறு சைக்கிளும், பனி மூடிய எங்கள் தெருவில் எங்கேயோ இருப்பதுபோலவே இருந்தது.

இரண்டாவது வாரம், ஒரு காலை, செவ்வாய்க்கிழமைப் பகுதியைப் பத்தாவது முறையோ என்னவோ கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சொல்கிறார்: "முதல் நாள் பின்னேரம் அவர் வந்து கேற்றடியில நிண்டவர். ஒண்டும் கதைக்கேல்லை. நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டினனான்." இருமல். 'ம்'. "விடியக்காலம இவர் வெளிக்கிட்டு வந்து தேத்தண்ணி குடிச்சவர். பிள்ளையின்ர சைக்கிளுக்குக் காத்தில்லை எண்டு, காத்தடிச்சுக் குடுத்திட்டுத்தான் போனவர்." அண்ணையின் ஆங்கிலம் தொடர்கிறது: ஹீ வந்து கேற்றில் நின்றார், ஹீ தேநீர் குடித்தார், ஹீ சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். கேற்றில் நின்றது அவர். வேலைக்கு உடுத்திக் கிளம்பித் தேநீர் குடித்தது இவர். புருஷன் பெயரை வாயால் சொல்லாத ஒரு பெண்ணுக்கு இவர் என்றால் ஒரே ஒருவர்தான். என் அம்மாவுக்குக்கூட அப்பா 'இவங்க'தான். குழந்தையின் சைக்கிளுக்குக் காற்றடித்தது அதன் அப்பா. ஒரு மனிதர் வீட்டைவிட்டுப் போவதற்கு முன் கடைசியாகச் செய்த காரியத்தைத் தூக்கி, அவரைக் கூட்டிக்கொண்டு போனவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். முதலிலிருந்து மூன்று மணி நேரத்தையும் மறுபடி கேட்டேன். இவர் வரும் இடத்தை ஒரு நிறத்திலும் அவர் வரும் இடத்தை இன்னொரு நிறத்திலும் குறித்தேன். அழுத இடத்திலும், அதிகாரி குறுக்கிட்ட இடத்திலும், அக்கா ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

அதை எழுதி அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அட்டவணை தயாராக இருந்தது. அதன் அடியில் என் பெயரைப் போடத்தான் கை வரவில்லை. அண்ணைக்கு அந்த வேலைதான் சோறு. இது நீதிமன்றக் காகிதத்தில் ஏறினால் யார் அவரை மறுபடி கூப்பிடுவார்கள்? மூன்றாம் நாள் மேத்ரிடம் போய், அந்த மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரிந்தவர் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ஆனால் தாக்கல் செய்வதற்கு முன் அவரிடம் கேட்பதுதான் முறை. இங்கே வரச் சொல்லி நான் அழைக்கிறேன். நீங்களும் இருங்கள்" என்றார்.

அண்ணை டை கட்டிக்கொண்டுதான் வந்தார். காதுவரை இழுத்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கிளமென்டைனும் எடுத்து வைத்தார். நான் அந்த ஒரு நிமிடத்தைப் போட்டேன். தன் குரல் கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அணைந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை வடிவாத்தானே சொல்லியிருக்கிறா" என்றார் அக்காவைப் பற்றி.

"நீங்களும் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க அண்ணை. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அந்த ஒரு வார்த்தைதானே இருக்கு" என்றேன். அவரை எப்படியாவது தாங்கிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"இல்லைத் தங்கச்சி. எனக்கு விளங்கினது. அதுதான் பிழை. அண்டைக்கு எனக்கு ரெண்டு பேரும் வேற வேற ஆக்களாத்தான் தெரிஞ்சவை. கேட்டுக்கொண்டிருக்கிற மனுசனுக்கு அது தெரியுமோ எண்டு நான் யோசிக்கேல்லை." ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே யாரோ ஒருவர் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். "மீனுக்கு நிப்பாட்டினனான். இதுக்கு நிப்பாட்டேல்லை" என்றார்.

நாங்கள் பிரமாணப் பத்திரம் என்பதை அண்ணை சத்தியக் கடதாசி என்பார். என்னுடையதோடு தன்னுடையதையும் வைப்பதாக அவரே சொன்னார். இதற்குப் பிறகு உங்களுக்கு வேலை குறையலாம் என்று மேத்ர் ஒளிக்காமல் எச்சரித்தார். அண்ணை தலையை மட்டும் ஆட்டினார். மேத்ருக்கும் அவர்மேல் இரக்கம் இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் எழுதிக் காட்டிய வரைவில், அன்று இணைய இணைப்பு தெளிவாக இல்லாததாலும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் அண்ணையின் விரல் நின்றது. பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டார்.

"சத்தம் வடிவாத்தான் கேட்டது" என்று ஆங்கிலத்தில் மேத்ருக்கும், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் எனக்கும் சொன்னார். "அந்தப் பிள்ளையைப் பொய் சொல்லுறா எண்டுதானே அனுப்பப் பாக்கினம். அதுக்கு நான் ஒரு பொய்யை எழுதிக் குடுக்கேலாது."

கையை உயர்த்தி, எழுதியதெல்லாம் உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கீழே இறங்கியதும், பேருந்து நிறுத்தம் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனார். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய் அவராகவே திரும்பி வந்தார்.

சித்திரை மாதத்தில் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டு அனுப்பாமலிருக்கவும் மேத்ர் உத்தரவு வாங்கிவிட்டார். விசாரணை வருவதற்குள் மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. பழைய மாண்ட்ரியலில் துறைமுகத்துக்குச் சற்று மேலே அந்த நீதிமன்றம். போக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனாலும் போனேன். நடைவழியில், யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் தோளில் பெரிதாக நின்ற கடுநீலக் கோட்டில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. நான் மனத்தில் வைத்திருந்த முகம் இன்னும் உயரமாக, இன்னும் வயதானதாக இருந்தது. தாண்டிப் போய்விட்டேன். பின்னால் இரண்டு இருமல், ஒரு மூச்சு, ஒரு 'ம்'. திரும்பிவிட்டேன்.

"அக்கா, உங்க ரெக்கார்டிங்கைக் கேட்டது நான்தான்" என்றேன்.

அவர் எழுந்து நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கைகள். "முழுக்கக் கேட்டனீங்களோ?" என்றார்.

"முழுக்க."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்துவிட்டார். அண்ணை வந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், கடைசி வரிசையில் ஓர் ஓரத்தில் அவர் இருப்பதைக் கண்டேன்.

அக்கா அன்று பேச ஒன்றுமில்லை. அங்கே யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை, அவருக்கென்று மொழிபெயர்ப்பாளரும் இல்லை. நீதிபதியும் இரண்டு வழக்கறிஞர்களும் தங்களுக்குள் தாழ்ந்த குரலில், மனுதாரர், மனுதாரர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் சாய்வாக விழுந்து மேசைகளின் மேல் நகர்ந்தது. அக்கா மடியில் கை வைத்து, யாருடைய கோயிலுக்கோ தவறிப்போய் வந்துவிட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது, "என்ன கதைக்கினம்?" என்பார். நான் குனிந்து சுருக்கமாகச் சொல்வேன். அரசாங்கத்தின் வழக்கறிஞர் இளைஞர், மரியாதையானவர். ஹீ என்பது தவறான மொழிபெயர்ப்பு அல்லவே என்றார். அன்று மனுதாரருடைய வழக்கறிஞரும் கூடவே இருந்தார், யாரும் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்றும் கேட்டார். இதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை.

மேத்ர் எழுந்தார். ஆட்சேபிக்க வேண்டுமென்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அந்த விசாரணையில் இருந்திருக்க வேண்டும், அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரே தன் பிசகை எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் முன் வைத்திருக்கிறார் என்றார். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீதிபதி காகிதங்களைப் புரட்டி, என் அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்த இரண்டு சொற்களையும் சொல்லிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

மேத்ர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிரெஞ்சு ரகரம் தொண்டைக்குள் உருள, "இவாஹ்" என்றார். பிறகு, "அவாஹ்."

அதுவரை குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தார். ஒரு மணி நேரமாக அந்த அறையில் அவருக்குப் புரிந்த முதல் சொல் அது. "இவரைப் பற்றியோ கதைக்கினம்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கோட்டை இழுத்துவிட்டு, முடியை ஒதுக்கி, நேராக உட்கார்ந்தார். அதன் பிறகு முடியும்வரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தீர்ப்பைப் பிறகு எழுதி அனுப்புவதாகச் சொல்லி நீதிபதி எழுந்துவிட்டார். வெளியே நடைவழியில் அண்ணை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "வணக்கம் தங்கச்சி" என்ற முதல் சொல்லிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை" என்றார் அண்ணை.

அக்கா அவரை நேராகப் பார்த்தார். பேசியபோது குரல் நடுங்கவில்லை, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒரு வருசம் அண்ணை. ஒரு வருசமா நான் என்னையேதான் ஏசிக்கொண்டிருந்தனான். பயத்தில நான்தான் மாறிச் சொல்லிப்போட்டனோ, இவரைப் பற்றி நான்தான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ எண்டு. நித்திரையில்லை. பிள்ளையின்ர முகத்தைப் பாக்கேலாமக் கிடந்தது."

அண்ணை தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவையும் கேட்கத்தான் வந்தேன் என்பதுபோல நின்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அண்டைக்கு நான் அழேக்க, தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ எண்டு சொன்னது நீங்கள்தானே. அந்தக் கொம்பியூற்றர்ப் பெட்டிக்குள்ள வேற ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. மூன்று பேரும் சேர்ந்து மெட்ரோ வரைக்கும் நடந்தோம். காற்று சருகுகளை எங்களுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனது. பிரியும்போது அண்ணை கோட் பையைத் துழாவி, ஒரு கிளமென்டைனை அக்காவிடம் நீட்டி, "மகளுக்குக் குடுங்கோ" என்றார். அக்கா வாங்கிக்கொண்டார்.

முதல் பனி விழுந்த வாரம் தீர்ப்பு வந்தது. பழைய முடிவு ரத்து, வேறோர் அதிகாரி புதிதாக விசாரிக்க வேண்டும். மேத்ர் தொலைபேசியில் சத்தமாகச் சிரித்தார். அக்காவுக்கோ, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. இந்த முறை ஒரு சிக்கலும் வரக் கூடாது, ஒவ்வொரு இடத்திலும் கணவர் பெயரையே சொல்லுங்கள் என்று மேத்ர் அவரிடம் சொல்லிவிட்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அக்கா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. படிவங்களில் எழுதியதோடு சரி. நாங்கள் அதற்குள் பழகிவிட்டிருந்தோம். அவருடைய அண்ணன் வீடு எங்களுக்கு நான்கு தெரு தள்ளித்தான். சனிக்கிழமைகளில் மகளோடு வருவார். என் மகனும் அந்தச் சிறுமியும் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டு விளையாட, அக்கா என் சமையலறையில் உட்கார்ந்து, உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகுவார். வேலைக்குப் போகும் பேருந்திலும் சொல்லிப் பார்ப்பாராம். ஒரு நாள் நடுவில் நிறுத்திவிட்டு, "பேர் சொல்லச் சொல்ல இவர் தூரப் போறமாதிரிக் கிடக்கு தங்கச்சி" என்றார். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அண்ணைக்கு அந்தக் குளிர்காலத்தில் அழைப்புகள் குறைந்து, பிறகு நின்றேபோயின. யாரும் அவரை வேண்டாமென்று எழுதவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவரும் யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. லவாலில் ஒரு கிடங்கில் பகல் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில், புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். நான் எப்போதாவது அழைத்தால், என் பையனைப் பற்றிக் கேட்பார், வானிலையைப் பற்றிச் சொல்வார், கடைசியில்தான், "அந்தப் பிள்ளைக்கு ஏதும் அறிவிச்சவையோ?" என்பார். அவருடைய வாழ்க்கையில் அந்த ஒன்றரை வருடமும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய கையெழுத்து இல்லாமல் என் அட்டவணை மட்டும் போயிருந்தால் போதுமானதாக இருந்திருக்குமா? மேத்ரிடம் ஒரு தடவை கேட்டேன். யாருக்குத் தெரியும் என்று உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாவது விசாரணை மறுவருடம் வைகாசியில் நடந்தது. அங்கே நான் இல்லை, அக்கா சொல்லித்தான் தெரியும். பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாராம். ஸ்டூடியோ, படங்கள், கேற்றடியில் வந்து நின்ற ஆள், எல்லாம் தாண்டி அந்தக் காலைக்கு வந்ததும், வாய் தானாக இவர் என்றுவிட்டதாம். புதிய மொழிபெயர்ப்பாளர், ஒரு சின்னப் பெண், நிறுத்திக் கேட்டாளாம், இவர் என்றால் யார் என்று. "என்ர மனுசன்" என்று அக்கா சொன்னாராம். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டாராம். முடிவை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விசாரணை நடந்த அன்று மாலை, மகனைக் கார்டெரியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, மூலைக்கடை வாசலில் அக்கா நின்றிருந்தார். இங்கே தெபனர் என்று சொல்லும் சின்னக் கடை. கையில் பால் வாங்கும் துணிப்பை. முகத்தைப் பார்த்ததுமே கோரிக்கையை ஏற்றுவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் நடைபாதையிலேயே கட்டிக்கொண்டோம். வழியை மறித்ததற்கு ஒரு சைக்கிள்காரர் மணியடித்துவிட்டுப் போனார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணையின்ர நம்பர் உங்களிட்ட இருக்கோ?" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு அழைத்துக் கொடுத்தேன். கிடங்கில் வேலை நேரம். எடுக்க மாட்டாரோ என்று நினைத்தேன். எடுத்துவிட்டார். பின்னால் வண்டிகள் நகரும் சத்தம். அக்கா போனை வாய்க்கருகே கொண்டுபோனார். முதலில் இருமல்தான் வந்தது.

"ஆர், பிள்ளையோ?" என்றது அண்ணையின் குரல். "எங்க நிக்கிறீங்கள்?"

"இஞ்சதான் நிக்கிறன் அண்ணை" என்றார் அக்கா. பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, "இஞ்சதான் நிப்பன், அண்ணை. நானும் பிள்ளையும் இஞ்சதான் நிப்பம்."

அந்தப் பக்கம் யாரோ பிரெஞ்சில் எதையோ கூவினார்கள். அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி, சரி" என்றார். "பள்ளிக்கூடம் விட்டிருக்கும். மகள் பாத்துக்கொண்டிருப்பா, போங்கோ."